பதினோரு முறை பார்த்த இடம்

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எடுத்த கணக்குப் பாட வீடியோவின் ஒரே இடத்தை ஒரு மாணவி பதினோரு முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தாள். அதை எனக்கு விழுந்த கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் மிதந்தேன். மெட்ரோவில் ஜனக்புரியில் இறங்க வேண்டியவன், அடுத்த ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்தேன்.

தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு வாத்தியார் நான். ஐம்பதைத் தாண்டிய பிறகு கல்வித் தொழில்நுட்பமும் பாட வடிவமைப்பும் படிக்க ஆன்லைனில் சேர்ந்தேன். அறிவுத் தாகம் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மைக் காரணம், பள்ளிக்குப் புதிதாக வந்த ஸ்மார்ட் போர்டில் முதல் நாளே சாக்பீஸால் எழுதிவிட்டேன். கறை போகவில்லை.

படிப்பில் ஒரு செய்முறை உண்டு. நிஜமான ஒரு மாணவருக்காகப் பாடம் தயாரித்து, அவர் எப்படிக் கற்கிறார் என்று எழுதித் தரவேண்டும். நான் பிடித்தது லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து வரும் ஒரு பெண்ணை. அப்பா மத்திய அரசில் கிளார்க். பத்தாம் வகுப்பில் மற்ற எல்லாம் தேறி, கணக்கில் மட்டும் ஃபெயில்; கம்பார்ட்மென்ட் என்பார்கள் இங்கே. ஜூலையில் மறுதேர்வு. அதிலும் விட்டால் தோழிகள் மாடியிலிருக்கும் பதினொன்றாம் வகுப்புக்குப் போக, அவள் மட்டும் மறுபடி பத்தாம் வகுப்பு பெஞ்சில். அவள் அப்பா கவலையோடு வந்தபோது, என் வீடியோவைப் பார்த்தால் போதும், நான் பொறுப்பு என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்பினேன்.

சத்தம் பதிவாகிவிடும் என்று ஜூன் மாதத்தில் கூலரை நிறுத்திவிட்டு எடுத்த வீடியோ அது. எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் ஏழு எக்ஸ் கூட்டல் பன்னிரண்டு. இதைக் காரணிப்படுத்த, நடுவில் இருக்கும் ஏழை மூன்றாகவும் நான்காகவும் பிரிக்க வேண்டும். அங்கே என் பிரசித்தி பெற்ற ஜோக் வரும். ஊரிலிருந்து ஏழு விருந்தாளிகள் வந்தால் கூலர் இருக்கிற அறையில் நாலு பேர், இல்லாத அறையில் மூணு பேர். அந்த மூணு பேரோடு வீட்டுக்காரனான நானும். வகுப்பில் இருபத்திரண்டு வருஷமாகச் சிரிப்பு வாங்கித் தந்த சரக்கு.

யார் எந்த இடத்தை எத்தனை தடவை பார்த்தார்கள் என்று வீடியோவை ஏற்றிய ஆன்லைன் தளம் ஒரு கோட்டுப் படமாகக் காட்டும். கோடு தட்டையாக வந்து, சரியாக என் ஜோக்கில் குதுப் மினார் மாதிரி எழும்பி நின்றது. அதைப் படம் பிடித்து, கற்பவரின் ஈடுபாடு என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். படிப்பை நடத்தும் ஆசிரியை ஓரத்தில் ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டார்: பிடித்துப் பார்த்தாளா, புரியாமல் பார்த்தாளா, கேட்டீர்களா?

கேட்கவில்லை. அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன், அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல்.

மறுநாள் சிறப்பு வகுப்புக்கு வந்தவளிடம் கேட்டபோதும், எனக்குள் ஒரு அல்ப ஆசை இருந்தது. அவள் நோட்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். ஏழை அஞ்சும் ரெண்டுமா ஏன் பிரிக்கக் கூடாது? எங்கயாவது சொல்லியிருப்பீங்க, நான்தான் விட்டுட்டேன்னு திரும்பத் திரும்பப் பார்த்தேன்."

நான் சொல்லவே இல்லை. கூட்டினால் ஏழு வரவேண்டும், பெருக்கினால் பன்னிரண்டு வரவேண்டும் என்ற வரி இருக்க வேண்டிய இடத்தில் விருந்தாளிகள் படுத்திருந்தார்கள். விருந்தாளிகளை அஞ்சும் ரெண்டுமாகவும் படுக்க வைக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஜோக் பாடத்தை மறைத்ததோடு நிற்காமல், தப்பாகவும் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இல்லாத ஒரு வரியைத் தேடி ஒரு பெண் பதினோரு முறை தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு மெட்ரோவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வகுப்பு சிரித்தால் புரிந்துவிட்டது என்று அடுத்த வரிக்குப் போவது என் வழக்கம். சிரிக்கிற பிள்ளையிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். வகுப்பறைக்கு அந்தக் கோடு கிடையாது; எத்தனை பேர் எங்கே நின்றுபோனார்களோ.

மறுபடி கூலரை நிறுத்தினேன். இம்முறை அவள் கேள்வியிலிருந்தே ஆரம்பித்தேன். அஞ்சையும் ரெண்டையும் எழுதினேன், கூட்டினால் ஏழு, சரி, பெருக்கினால் பத்து, உதவாது, அடித்துவிடு. ஆறும் ஒன்றும், அதையும் அடித்துவிடு. பிறகுதான் மூன்றும் நான்கும். ஜோக் இல்லை. அவள் ஒரே ஒரு தடவை பார்த்தாள். கோடு நேராகப் படுத்துவிட்டது. அது நல்ல செய்தி என்று எனக்கு நானே சொல்லிப் புரியவைக்க ஒரு டீ தேவைப்பட்டது. செய்முறையில் இரண்டு படத்தையும் வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன்.

ஆகஸ்டில் மறுதேர்வு முடிவு வந்தது. தேறிவிட்டாள். பதினொன்றாம் வகுப்புப் படிவத்தோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றவளிடம், அடுத்த பாடத்துக்கு வீடியோ எடுக்கப் போகிறேன், அந்த விருந்தாளி ஜோக்கை இனிமேலாவது எங்கேயாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"விடை வந்தப்புறம் வைங்க சார்."