சரசு அத்தையைக் கொன்றது ஊசியல்ல

செய்தி எனக்கு ராகலை பஸ் நிலையத்தில் கிடைத்தது. டியூஷன் முடிந்து நின்றிருந்தேன். எங்கள் தோட்டத்து மூக்காயி அக்கா மரக்கறிப் பையோடு வேகமாக வந்தார். "சரசு போயிருச்சு புள்ள" என்றார். நான் அழத் தொடங்குமுன்பே அடுத்ததையும் சொல்லிவிட்டார். "அன்னைக்கே சொன்னோம்ல. ஊசியக் குத்தித்தான் கட்டியக் கெளப்பி விட்டுட்டாங்க."

கருமாதிக்குக் கூடும் உங்கள் முன், மேல் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் முன், வாசிக்கவே இதை எழுதுகிறேன். அத்தை எனக்கு இரத்த உறவு அல்ல. அம்மாவின் கூட்டாளி, பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். இப்போது அம்மாவுக்கும் அடிவயிற்றில் கட்டி. அதே ஊசிக்குக் கண்டியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பேச்சைக் கேட்டு அம்மா போகமாட்டேன் என்கிறார். அதனால்தான் நான் சும்மா இருக்க முடியவில்லை.

கொழுந்து பறிக்கையில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கின் கயிறு அத்தைக்கு எட்டாமல் போனதை முதலில் கண்டவர் அம்மா. அந்த மழைக்காலம் முழுக்க அத்தை சால்வையை வயிறுவரை இழுத்து மூடிக்கொண்டே மலைக்குப் போயிருந்தார். கணவனை இழந்த பெண்ணின் வயிறு பெருத்தால் நாம் என்ன பேசுவோம் என்று அவருக்குத் தெரியாதா?

அம்மாதான் நுவரெலியாவுக்கு இழுத்துப் போனார். சிங்களம் பேச நானும் போனேன். ஸ்கேன் எடுக்க நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொள்ள வேண்டும், தாங்குவீர்களா என்று தாதி கேட்டார். அத்தை சிரித்துவிட்டார். "காலையில மலை ஏறினா எறங்குற வரைக்கும் அடக்குறவங்கடி நாங்க. அந்த நர்ஸம்மாவ ஒருநாள் நம்ம மலைக்கு வரச் சொல்லு."

நாங்கள் திரும்புமுன் 'ஸ்கேன்' என்ற சொல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. இங்கே அதுவரை ஸ்கேன் எடுத்தவர்கள் எல்லாரும் பிள்ளைத்தாய்ச்சிகள். சரசு உண்டாகியிருக்கிறாள் என்று நீங்களே முடிவுகட்டினீர்கள். குழாயடியில், அவர் காதுபட, "தகப்பன் யாராம்?" என்றும் கேட்டீர்கள்.

நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் என்னிடம் சிங்களத்தில், "வீட்டு ஆண்கள் யாரும் வரவில்லையா? அவர்களிடம் சொல்கிறேன்" என்றார். நான் தமிழில் சொன்னேன். அத்தை எழுந்து உட்கார்ந்தார். "வயிறு என்னுது. எங்கிட்ட சொல்லச் சொல்லு. குத்தினா பரவுமான்னும் கேளு."

டாக்டர் கோபப்படவில்லை. அந்தப் பயத்தால் சில கட்டிகளில் ஊசி போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். "இது ஏற்கெனவே பரவியிருக்கிறது. இப்போது வெட்டி எடுக்க முடியாது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் ஒரு நூலளவு சதை எடுத்தால், என்ன நோய் என்று தெரியும். தெரிந்தால்தான் மருந்து கொடுக்கலாம்."

"அப்ப குத்தட்டும்" என்றார் அத்தை.

ஊசி போட்டு வந்த மறுநாள் காலை நான் பள்ளிக்கூடம் போகும்போது, அன்று வேலைக்குப் பேர் கொடுக்காத அத்தை, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தின் நடுவில் நின்றிருந்தார். கணக்கப்பிள்ளைக்கு முன்னாலேயே சால்வையை விலக்கி, வயிற்றில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைக் காட்டினார். "நல்லாப் பாத்துக்குங்க! புள்ளைய ஊசியால குத்திச் சதை எடுப்பாங்களா? இது கட்டி. பேர் வைக்க வர்றவங்க வரிசையில வாங்க!" கணக்கப்பிள்ளை தன் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புற்றுநோய்தான். மருந்தில் தலைமுடி கொட்டியது, வயிறு வடிந்தது. அத்தை மகளைக் கட்டிக்கொடுத்தார். இரண்டு பொங்கலுக்குப் பானை வைத்தார். போன பொங்கலில் அந்தப் பானையிலிருந்து சாப்பிட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அவை அந்த ஊசி கொடுத்த நாட்கள். அவர் இழந்தது, கட்டி பரவப் பரவச் சால்வைக்குள் ஒளிந்துகிடந்த அந்த மழைக்காலம். ஒளிய வைத்தது நம் வாய்.

இதை எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாளை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "பெரட்டுல காட்டினத மட்டும் வெட்டிறாத" என்றார். கொஞ்சம் கழித்து, "கண்டியில டாக்டர் சொல்றத எங்கிட்ட சொல்லு. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அத்தையின் மகள் அந்தச் சால்வையை எனக்குத் தந்திருக்கிறார். குளிருக்கு நான் போர்த்திக்கொள்வேன். வயிற்றை மறைக்க இந்த லயத்தில் யார் கேட்டாலும் தரமாட்டேன்.