முகம் பார்த்துப் பேசிய வகுப்பு

தமிழ் பேசும் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் நடந்த ஆண்டுகளில், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளியில் தமிழ்ப் பிரிவின் மூன்றாம் வகுப்புக்கு நான் ஆசிரியர். மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். ஒருத்திக்குக் காது கேட்காது. பேசப் பழகிய பிறகு காய்ச்சலில் போன காது. என் உதடுகளைப் பார்த்துத்தான் பாடம் படித்தாள்.

அவளுக்காக மாற்றிக்கொண்டவற்றை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். கரும்பலகையில் எழுதும்போது பேசுவதில்லை. திரும்பி நின்ற பிறகே பேச்சு. வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நிற்பது. உதட்டை மறைத்த மீசையையும் எடுத்தேன். "என்ன சாரே, பெண்ணுகாண போறீராக்கும்?" என்று தலைமையாசிரியர் சிரித்தார்.

ஆனாலும் ஒரு தவறு பல மாதங்கள் என் கண்ணில் படவில்லை. வேடிக்கை சொல்லும்போது எங்கள் ஊர்க்காரர் எல்லோரையும்போல நானும் மலையாளத்துக்குத் தாவிவிடுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, சற்றுப் பிந்திச் சிரிப்பாள். அதைக் கவனித்த நாளிலிருந்து வகுப்பில் தமிழ் மட்டுமே பேசினேன். ஒரு வாரத்தில் மற்றவர்களுக்கு முன்னே அவள் சிரிப்புக் கேட்டது.

அந்த ஆண்டே தமிழ்ப் பிரிவை மூடுவதென்று முடிவாயிற்று. பிள்ளைகளை மலையாள வகுப்பில் சேர்க்கச் சொன்னார்கள். குன்னத்துகாலில் கூலிவேலை செய்த அவளுடைய அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

"மத்த பிள்ளியளுக்கு ரெண்டு பாஷையும் காதுல கெடக்கு சாரே. இவளுக்கு உள்ளது ஒண்ணு, அதும் வாயப் பாத்துப் படிச்சது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் எனக்க தங்கச்சி உண்டு. அங்க தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறேன்."

"அங்க உள்ள சாருக்கு இவளுக்க காரியம் தெரியாண்டாமா?"

"நீங்க எழுதித் தாங்க. நான் கொண்டு குடுக்கேன்."

இரண்டு பக்கம் எழுதினேன். அவள் அதை வாங்கி முழுவதும் படித்தாள். பிறகு என் பென்சிலை எடுத்து, அடியில் தானே ஒரு வரி எழுதினாள்: 'சிரிக்கும்போது வாயைப் பொத்தக் கூடாது.' நான் பொத்துவது அதுவரை எனக்கே தெரியாது.

அவர்கள் போய் ஒரு மாதம் கழித்து, சைக்கிளில் அந்தப் பள்ளிக்குப் போனேன். அன்று அங்கே கடையடைப்பு, பள்ளியும் பூட்டியிருந்தது. அத்தை வீட்டை விசாரிக்க வழியில் ஆளில்லை. பிறகு எனக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. அந்தப் பக்கம் போக வாய்க்கவில்லை.

அந்த ஆசிரியர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாரா? இதை மட்டும் யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்று இன்றும் இருக்கிறது.