அடுப்பு மூட்டாத பிறந்தநாள்

பேர்கனில் கோடை விருந்துக்குப் போகிறவன் தான் தின்னப்போகிற இறைச்சியைத் தானே வாங்கிக்கொண்டு போக வேண்டும். குடிக்கிறதையும்தான். நோர்வேக்கு வந்த புதிதில், என்னோடு வேலை செய்யும் இங்கர் கூப்பிட்டபோது எனக்கு இது தெரியாது. வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஒரு பெரிய சட்டி நிறைய இறால் கறி கொண்டுபோனேன். அங்கே ஆளாளுக்குத் தங்கள் துண்டை நெருப்பில் வாட்டி, தங்கள் போத்தலைத் தங்கள் காலடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கர் சட்டியை எட்டிப் பார்த்து, "இவ்வளவையும் நீ தனியாகவா சாப்பிடப்போகிறாய்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள். எல்லாருக்கும்தான் என்றேன். "அப்படியென்றால் இன்றைக்கு உன் பிறந்தநாளா?" என்றாள்.

அன்றைக்கு மனம் நொந்து வீடு திரும்பினேன். விருந்தாளியிடம் சாப்பாடு கேட்கிற சனமும் ஒரு சனமா என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். ஆனால் பழக்கமும் நோயைப் போலத் தொற்றிக்கொள்ளும். சில வருடங்களில் நானே பட்டியல் போடத் தொடங்கினேன். நீ சல்மன் மீன், நீ வைன், நீ சீஸ், அதுவும் நல்லதாகப் பார்த்து. கேட்கிறவனுக்குக் கூச்சமில்லை, கேட்கப்பட்டவனுக்குக் கோபமில்லை. முடியாதென்றால் ஏலாது என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவார்கள். அந்த ஏலாது இருப்பதால்தான் கேட்பது மரியாதையாக இருக்கிறது என்பது அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

போன கோடை விடுமுறையில், அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்காக எங்கள் ஊர் புங்குடுதீவுக்குப் போனேன். அவரைப் பார்த்துக்கொள்வது தங்கை சாந்தி. அவளுக்கு ஒரு நாளாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ஊர் வட்சப் குழுவில் பட்டியலைப் போட்டேன். ஒன்றுவிட்ட அண்ணைக்கு ஆட்டிறைச்சி. கனடாவில் மகன் இருக்கும் பள்ளிக்கூட மாஸ்ரருக்கு இரண்டு போத்தல் விஸ்கி. பக்கத்து வீட்டுப் பூமணி அக்காவுக்கு நண்டுக் கறி, பெரிய நண்டாக. எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஊர் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

மத்தியானம் வாசல் படலையால் சட்டிகள் வரத் தொடங்கின. கதிரையில் இருந்த அப்பா முதலில் சட்டிகளைப் பார்த்தார். பிறகு திரும்பிக் குசினியைப் பார்த்தார். அங்கே அடுப்பு எரியவில்லை.

"சாந்தி, ஆர் மோசம் போனது? செத்தவீடோ?" என்றார்.

"ஒருத்தருமில்லை ஐயா. இண்டைக்கு உங்கட பிறந்தநாளெல்லே," என்று பூமணி அக்கா சிரிக்கப் பார்த்தார்.

நான் சாந்தியைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் என்ன விசயம் என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"செத்தவீட்டிலைதான் அண்ணை அடுப்பு மூட்டுறேல்லை. அயலுக்கைதான் சமைச்சுக் கொண்டுவாறவை. அங்கை மீன் இறைச்சி மச்சம் ஒண்டும் இல்லை, இங்கை மச்சம். அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"வெளிநாட்டிலையிருந்து வந்து வாய்விட்டுக் கேட்டிருக்கிறியள். ஏலாது எண்டு ஆர் சொல்லுறது? பெரிய நண்டெல்லாம் வெளிநாட்டுக்கு ஏத்துற கொம்பனிக்காரர் கரையிலையே வாங்கிப்போடுவினம். பூமணி அக்கா விடிய வெள்ளனப் போய் நிண்டு மன்றாடி வாங்கினவ."

சட்டிகளைத் திருப்பி அனுப்ப முடியாது. காசு நீட்டினால் அது அடித்ததற்குச் சமம். பட்டியலை அழித்தாலும் படலைக்குள் வந்த சனம் வந்ததுதான். நான் கட்டிய பொறிக் கூட்டுக்குள் நானே நின்றேன்.

வெளியே வந்து, பிழை நடந்துவிட்டது அப்பா என்றேன். அவருக்குக் கோபம் வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"பரவாயில்லை மோனை," என்றார். "நான் போற அந்த நேரம் உனக்கு வர ஏலாமல் போகும். இப்பவே செய்துபோட்டுப் போ."

அம்மா போனபோது என் அகதி வழக்கு முடியவில்லை; நான் வரவில்லை. சாந்தி சின்னப் பிள்ளை. கொள்ளி வைக்க வேண்டிய நான் பேர்கனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் அப்பாவையும் சாந்தியையும் பிடித்து இருத்திச் சாப்பிடவைத்தது யார் என்று நான் இதுவரை கேட்டதுகூட இல்லை.

எப்படியும் விருந்தாக்கிவிடலாம் என்று அகப்பையை எடுத்துக்கொண்டு பரிமாறப் போனேன். பூமணி அக்கா அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினார்.

"நீர் இரும் தம்பி. வீட்டுக்காரர் இருந்து சாப்பிடுறது. போடுறது நாங்கள். அம்மா போன அண்டைக்கும் உம்மட அப்பாவுக்கு நான்தான் போட்டனான்."

அப்பா தன் பக்கத்துக் கதிரையைக் கையால் தட்டினார். இருந்தேன். சோற்றின் மேல் நண்டு விழுந்தது, நான் கேட்டபடியே பெரிய நண்டு. அயலார் சுற்றி நின்று, சாப்பிடும் தம்பி, சாப்பிடும் என்றார்கள். அம்மாவின் செத்தவீட்டில் எனக்குரிய இடத்துக்கு முப்பது வருடம் பிந்தி வந்து, செவ்வாய்க்கிழமை விமானத்துக்குப் பெட்டி கட்டி வைத்துவிட்டு, நான் சாப்பிட்டேன்.