அக்காவுக்காக ஒரு நாள் லீவு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்காவின் படத்துக்குக் கீழே "ஓய்வறியா உழைப்பாளி" என்று போட அச்சகத்தார் தயாராக இருந்தார். நான்தான் நீக்கச் சொன்னேன். அக்காவைக் கொண்டுபோனதே அதுதான். அதைப் பெருமையாகப் போட எனக்கு மனம் வரவில்லை.

அக்கா பிறந்தது ராயபுரத்தில். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அம்மா இறந்தபோது அக்கா பத்தாம் வகுப்பு, எனக்கு ஐந்து வயது. காலையில் எனக்குச் சடை பின்னி, பள்ளியில் விட்டுவிட்டு, பிறகுதான் தன் பள்ளிக்கு ஓடுவார். மாலைக் கல்லூரியில் பி.காம். முடித்து, திருவொற்றியூரில் வீட்டுக்கடன் தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு ஒரு பிடிவாதம். தாள்களில் இருப்பதை வரி விடாமல் தமிழில் விளக்காமல் யாரிடமும் கையெழுத்து வாங்க மாட்டார். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் முடிப்பது அக்காவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒருமுறை மீன் விற்கும் ஓர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்ளோ கீதா இதுல? எனக்கு வாணாம்மா, வூடு ஒழுவுனா ஒழுவட்டும்" என்று எழுந்து போய்விட்டார். மேலாளர் குதித்தார். "புரிஞ்சு வேணாம்னு போறாங்க சார். அதுவும் என் வேலைதான்" என்றாராம் அக்கா.

ஆனால் மாதம் இத்தனை கடன் என்ற இலக்கு மட்டும் அவருக்கும் எல்லோரையும் போலத்தான். விளக்கிச் சொல்வதில் போன நேரத்தைத் தன் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் மாதா கோயிலின் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் பிடித்துக்கொண்டார். அப்பா கேட்பார்: "இன்னாமா, உங்க ஆபீஸ்ல சங்கு ஊத மாட்டானுங்களா? எங்க ஹார்பர்ல சங்கு ஊதுனா கைய கழுவிகினு கெளம்பிடுவோம்."

"எனக்கு ஊதுறவன் இன்னும் பொறக்கல நைனா" என்று அக்கா சிரிப்பார். எனக்குக் கோபம்தான் வரும்.

போன மார்ச்சில் நெஞ்சு அடைக்கிறது என்றார். டாக்டரிடம் போகலாம் வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். "வருசக் கணக்கு முடியட்டும்டி. அப்புறம் நீ எங்க கூப்ட்டாலும் வரேன்." மார்ச் கடைசி நாள் பிற்பகலில் மேசையிலேயே சாய்ந்துவிட்டார். நாற்பத்திரண்டு வயது. நான் இழுத்துக்கொண்டே போயிருக்க வேண்டும். அதை நினைக்காமல் இந்த ஓராண்டில் ஒரு நாளும் விடியவில்லை.

நினைவுப் பூசையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொன்னார் சித்தப்பா. "கணக்கு முடிக்கிற நாள்ல எவன்மா லீவு குடுப்பான்? ஒருத்தனும் வரமாட்டான்." நியாயமான பேச்சுதான். நானும் ஒரு நிதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில்தான் இருக்கிறேன். அன்றைக்கு லீவு கேட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். தெரிந்தேதான், அதே நாள் காலை பத்து மணி என்று கோயிலில் எழுதிக் கொடுத்தேன்.

என் மேலாளர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். "வேற நாள்ல வெச்சுக்கக் கூடாதாம்மா?"

"எங்க அக்கா போனது அன்னைக்குத்தான் சார்" என்று மறுபடியும் மேசையில் வைத்தேன். இதை எழுதும்வரை அதில் கையெழுத்து விழவில்லை. விழாவிட்டாலும் வருவேன். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்வேன்.

அக்காவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடிய அவருடைய அலுவலகத் தோழர்களுக்கும், இன்றுவரை அப்பாவுக்குக் குழம்பு கொடுத்தனுப்பும் பக்கத்து வீட்டாருக்கும், வேலை நாளென்றும் பாராமல் பூசைக்கு ஒப்புக்கொண்ட பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. லீவு போட்டுவிட்டு வந்து கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தனியாக, கைகூப்பி நன்றி சொல்கிறேன். லீவு கிடைக்காதவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அக்கா உயிரோடு இருந்திருந்தால், அவராலும் இன்று வந்திருக்க முடியாது.