முதலிபாளையத்துப் பார்த்தீனியம்

காலை ஆறே முக்காலுக்கு நாகர்கோவில் பஸ் என்னைத் திருப்பூர் பழைய பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டது. 2006, ஐப்பசி மாதம். ஒரு களைச்செடிக்காக இத்தனை தூரம் இரண்டாம் முறை போவானேன் என்று வீட்டார் கேட்டிருந்தார்கள்.

செடி பார்த்தீனியம். காலி மனைகளில் வெள்ளைப் பொட்டுப் பூவோடு நிற்குமே, பட்டால் அரிக்குமே, அதுதான். எங்கள் நாகர்கோவில் ஈரத்தில் நெஞ்சளவு வளர்ந்து நிதானமாகப் பூக்கிறது. திருப்பூரின் காய்ந்த மண்ணில் முழங்காலை எட்டும் முன்பே பூத்துவிடுகிறது. நாக்பூரில் இன்னொரு மாதிரி என்கிறார்கள். இது மண்ணின் வேலையா, இல்லை வடக்கே போகப் போக விதையே மாறிவிடுகிறதா? மூன்று ஊர் விதைகளையும் எங்கள் கல்லூரித் தோட்டத்தில் அடுத்தடுத்து வளர்த்தால் தெரிந்துவிடும். ஆய்வு உதவியாளரான என் பங்கு, விதை சேகரிப்பது.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்னால் போன மாதம் ஒரு டஜன் செடிகளைத் தேர்ந்து, அளந்து, சிவப்பு நூல் கட்டிவிட்டு வந்திருந்தேன். முற்றிய விதையை எடுப்பது ஒன்றே பாக்கி.

எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பார்த்தீனியம் காடாக நின்றது. நூல் கட்டிய செடிகளை மட்டும் காணோம்.

சூப்பர்வைசர் சிரித்த முகத்தோடு ஓடிவந்தார்.

“வாங்க மேடம். நீங்க நூல் கட்டுனதையெல்லாம் ஒண்ணு விடாம புடுங்கிட்டமுங்க.”

“எதுக்குங்க புடுங்கினீங்க?”

“கம்பெனியப் பாக்க ஃபாரின் பையர் வர்றாருங்க. கெவர்மென்ட் மேடம் மார்க் பண்ணிட்டுப் போயிருக்காங்க, அதுதான் ரொம்ப விஷமாட்ட இருக்குதுன்னு ஓனர் சொன்னாருங்க.”

“நான் கெவர்மென்ட்டே இல்லீங்க. சரி, மத்ததை ஏன் விட்டீங்க?”

“அதுல நூல் இல்லீங்களே!”

இந்த மரியாதைக்கு முன்னால் கோபப்படவும் வழியில்லை. அளக்காத செடியின் விதை எனக்கு உதவாது. நடுவில் இருக்கும் ஊர் இல்லாமல் மற்ற இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு வருடம் வீண். பிடுங்கியவை எங்கே என்று கேட்டேன். கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளோடு மங்கலம் ரோட்டுக் குடோனுக்குப் போய்விட்டனவாம்.

ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டார். எதற்குப் போகிறேன் என்று தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டி, சாலையோரச் செடிகளைக் கைநீட்டிக் காட்டினார்.

“இங்கியே கெடக்குதுங்களே. எவ்வளவு வேணுமுங்க?”

ராயபுரம் தாண்டுவதற்குள் இன்னும் இரண்டு இடத்தில் நிறுத்திக் காட்டினார்.

குடோனில் பெண்கள் துணித் துண்டுகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நூல் கட்டிய செடிகளைக் கேட்டதும் செல்வி என்ற பெண் எழுந்து வந்தாள், கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. கை முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்தது.

“நூலு கட்டுனது நீங்கதானா? ஏன்க்கா, இந்தச் சனியன வளக்க வேற செய்தியளா? மூட்டைக்குள்ள கையவிட்டு, என் கையப் பாருங்க!”

பக்கத்து மருந்துக்கடையில் அரிப்புக்கு லோஷன் வாங்கி வந்து கொடுத்தேன். முறைத்துக்கொண்டே தடவினாள். பிறகு என்னைக் குடோனுக்குப் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

குப்பைமேட்டில் வேர் வானத்தைப் பார்க்கக் கிடந்தன என் செடிகள். இலை சுருண்டிருந்தது, நுனியில் பூ மட்டும் புதிதாக விரிந்திருந்தது. கீழ்க்கிளைகளில் விதை கறுத்து முற்றியிருந்தது. ஏழு செடிகள் தேறின. பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு உறைகளில் உதிர்த்தேன்.

“இத ஆராஞ்சா அழிஞ்சிருமாக்கா?”

“அழியாது. எந்த ஊர்ல எப்ப பூக்கும்னு தெரிஞ்சா, பூக்கறதுக்கு முன்னால பிடுங்கலாம்.”

“அதான் புடுங்கிட்டாவளே!” என்றாள். அவள் சிரித்தது அப்போதுதான்.

தையில் மூன்று ஊர் விதைகளையும் ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றினோம். எங்கள் ஊர்ச் செடிகள் சாவகாசமாக இலை விட்டுக்கொண்டிருந்தன. நாக்பூர் வரிசையிலும் மொட்டில்லை. திருப்பூர் வரிசை மட்டும் முழங்காலை எட்டும் முன்பே பூத்து நின்றது. கேட்காமலே தண்ணீர் கிடைக்கிற மண்ணுக்கு வந்த பிறகும், அந்த விதைக்கு அதே அவசரம்.