மில் சங்கு

பழைய பஞ்சு மில்லை ஓட்டலாக மாற்றியவர்கள் அதன் சங்கையும் பழுதுபார்த்துவிட்டார்கள். நேற்று சாயங்காலம் அது ஊதியதும், மாடி வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த நான் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டேன்.

என் சின்ன வயதில் இந்தச் சங்கு மூலக்குளத்தில் எங்கள் வீடு வரை கேட்கும். கேட்டதும் அம்மா உலை வைப்பாள். சோறு வடிக்கும் நேரத்துக்கு அப்பா ஷிப்டு முடிந்து, புருவமெல்லாம் பஞ்சு ஒட்டி, இருமிக்கொண்டே வருவார்.

"அங்கயே நில்லுங்க, சோத்துல பறக்கப்போவுது" என்று அம்மா வாசலில் நிறுத்தி, ஈரத்துண்டால் துடைத்துவிடுவாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

"ஏங்க்கா நின்னுட்ட?" என்றாள் சூப்பர்வைசர் பெண்.

"சங்கு ஊதிடுச்சேம்மா."

"அது ரூம் எடுத்தவங்களுக்கு ஊதறது அக்கா. நமக்கு இன்னும் ஆறு ரூம் கெடக்குது."