இஸ்திரிப் பலகையில் இரண்டு தலைவர்கள்

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வேலை நேரம் முழுக்க அவருடைய கால் அதன்மேல்தான் இருக்கும். "நீங்கதாம்மா ஓட்டறீங்க, நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்று தைரியம் சொல்லிக்கொண்டே மிதிப்பார். கார் இவ்வளவு வேகமாகக்கூடப் போகும் என்பதை அவரிடம் கற்றவர்கள் சொந்தக் காரில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். அவருக்கு பிரேக் சார் என்று பெயர். அது அவர் காதில் விழாது என்று எல்லோரும் நம்பினார்கள். விழுந்திருந்தது, பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவருக்குத் தாளத்தின் மேல் ஆசை வந்தது. தாளம் பிடித்தது, தாளம் போடுகிற மனிதர்களைப் பிடிக்கவில்லை. கை என்று ஒன்று இருந்தால் அது ஒருநாள் முந்தும், ஒருநாள் பிந்தும் என்பது அவர் கட்சி. அதனால் டிரம் மெஷின் வாங்கினார். இரண்டு செங்கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. கீழ் வரிசையில் பதினாறு பொத்தான்கள். எந்தப் பொத்தானை எரியவிடுகிறோமோ அந்த இடத்தில் அடி விழும். சொல்லிக்கொடுத்துவிட்டால் மின்சாரம் இருக்கிறவரை அதே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும். அவருடைய மாணவர்களில் சொன்னதைச் சொன்னபடி செய்தது அது ஒன்றுதான். மேலே ரப்பர் கட்டைகள் சில இருந்தன, விரலால் தட்டி வாசிக்க. அவற்றின்மேல் அவர் தன் கண்ணாடிக் கூட்டை வைப்பது வழக்கம்.

கண்ணாடி, மனைவியின் தம்பி செய்துகொடுத்தது. மச்சான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அவனிடம் ஒரு சீக்வென்சர் இருந்தது. சொல்லிக்கொடுத்த சுரங்களை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கும் பெட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தூக்கிக்கொண்டு வருவான். வீட்டில் இருந்த ஒரே மேசையில் சாப்பாடு நடக்கும் என்பதால் இரண்டு பெட்டிகளும் இஸ்திரிப் பலகையின்மேல் ஏறின. உயரத்தை ஏற்றி இறக்கலாம் என்பதால் அதைவிட நல்ல மேடை கிடையாது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் ஒத்துக்கொண்ட கடைசி விஷயம் அது.

"மாமா, இது நல்லா இருக்கா..." மச்சான் ஒரு சுரத்தை மாற்றுவான். "இல்ல, இதுவா?"

"ரெண்டும் ஒண்ணுதாண்டா."

"அவசரப்படாதீங்க. மறுபடி கேளுங்க. இது... இதுவா?"

"மச்சான், நான் உன் கடை சேர்ல உக்காந்து எழுத்துப் படிக்கல."

உண்மையான சண்டை சுரத்தில் இல்லை. இந்த மாதிரிப் பெட்டி இரண்டைக் கேபிள் போட்டு இணைத்தால் ஒன்று முன்னால் போக வேண்டும், மற்றது பின்னால் வர வேண்டும். அமைப்பில் 'உள்' என்று வைத்தால் பெட்டி தன் கணக்கில் ஓடும். 'வெளி' என்று வைத்தால் மற்ற பெட்டி எண்ணிக்கொடுக்கும்வரை வாயைத் திறக்காது. தாளம்தான் முன்னால் போகும், உலகம் முழுக்க அப்படித்தான் என்றார் பிரேக் சார். பாட்டு இல்லாமல் தாளத்துக்கு என்ன வேலை என்றான் மச்சான். ஆகவே இரண்டு பெட்டியும் 'உள்'ளிலேயே இருந்தன. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சேர்ந்து அமுக்குவார்கள். இரண்டு திரையிலும் ஒரே வேகம்தான் எழுதியிருக்கும். ஆனாலும் ஐந்து நிமிடத்தில் தாளம் ஒரு தெருவிலும் பாட்டு அடுத்த தெருவிலும் போய்க்கொண்டிருக்கும்.

"உங்க பெட்டி முந்துது மாமா."

"உன் பெட்டி பிந்துது."

இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். அதற்காக ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்க வேண்டும் என்று கட்டாயமா என்ன.

இந்த நிலையில்தான் சக்கர ஸ்கேட்டிங் அரங்கத்தின் மேலாளர் அவரிடம் கார் கற்றுக்கொள்ள வந்தார். சனிக்கிழமை மாலைகளில் அங்கே பென் டிரைவில் இருந்த பாட்டுதான் ஓடும். அந்த அம்மாள் பின்னோக்கி எடுக்கக் கற்றுக்கொண்டிருந்த நேரத்தில் பிரேக் சார் தன் இசையைப் பற்றிச் சொன்னார். "சரி, ஒரு சனிக்கிழமை வந்து வாசிங்க. நல்லா இருந்தா வாராவாரம் வெச்சுக்கலாம். இல்லன்னா பென் டிரைவ் இருக்கவே இருக்கு" என்றார் அவர், காரின் பின்பக்கக் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல்.

அதுவரை பிரேக் சார் வாசித்ததைக் கேட்ட வெளியாள் கிடையாது. மனைவி கேட்டிருக்கிறாள், பலகை எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டு. இப்போது பயிற்சிப் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். வரவில்லை என்றவர்களிடம் மறுபடி சொன்னார். ஆனால் சனிக்கிழமைக்கு முந்தைய ஒத்திகையில் இரண்டு பெட்டிகளும் வழக்கம்போலப் பிரிந்துபோயின. மச்சான் கேபிளைப் பிடுங்கி, "நீங்களே தனியா போய் டும் டும்னு அடிங்க. நான் வரல" என்று போய்விட்டான். தாளம் மட்டும் எத்தனை நேரம் கேட்பார்கள் என்பது அவருக்கே தெரியும்.

மருந்துக்கடையில் வேலை பார்த்த மனைவி, வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "கொஞ்சம் விட்டுக்கொடுத்தா தேஞ்சா போயிடுவீங்க?"

"அவன் சின்னவன்."

"அதனாலதான் சொல்றேன்." பிறகு தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், கொஞ்சம் விட்டுக்கொடுத்தா தேஞ்சா போயிடுவே?"

மச்சான் வந்துவிட்டான். சனிக்கிழமை பலகையையும் பெட்டிகளையும் மனைவியையும் காரில் ஏற்றுவதற்கு முன்னால் பிரேக் சார் கண்ணாடி போட்டு, ஐந்து பக்கம் புரட்டி அந்த அமைப்பைக் கண்டுபிடித்து, தன் பெட்டியை 'வெளி' என்று மாற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. விட்டுக்கொடுப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. விட்டுக்கொடுத்தது தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

அரங்கத்தில் சக்கரம் கட்டிய அறுபது எழுபது பேர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலாளர் பென் டிரைவை நிறுத்தினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு." இருவரும் அமுக்கினார்கள்.

ஒன்றும் வரவில்லை. இரண்டு பெட்டியிலும் ஒவ்வொரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்றது.

"ஆரம்பிடா," என்றார் உதட்டை அசைக்காமல்.

"நீங்க ஆரம்பிங்க. நான் வெளியில வெச்சிருக்கேன்."

"நானும்தான் வெளியில வெச்சிருக்கேன்!"

"ஏன் மாத்துனீங்க?"

"நீ ஏண்டா மாத்துனே?"

"அக்கா சொன்னா."

"சரி, நீயே உள்ள வெச்சுக்க. நீ முன்னால போ."

"சேச்சே, அது மரியாதையா இருக்காது மாமா. நீங்க போங்க."

"போடா, சொல்றேன்ல!"

முன்னால் போக ஞாயிறு ஞாயிறாக அடித்துக்கொண்டவர்கள், பின்னால் வர அதைவிடக் கடுமையாக அடித்துக்கொண்டார்கள். வேலியிலிருந்து ஒரு குரல், "பிரேக் சார், காலை எடுங்க!" என்றது. அரங்கமே சிரித்தது. மேலாளர் பென் டிரைவ் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

பிரேக் சார் அமைப்பை மாற்றக் குனிந்தார். கண்ணாடி காரில் இருந்தது. திரையில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. மேலாளரின் கை நீண்டதைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, ஆள்காட்டி விரல்கள் இரண்டையும் ரப்பர் கட்டைகளில் வைத்துத் தட்டிவிட்டார். அதற்கு உள்ளும் வேண்டாம், வெளியும் வேண்டாம். தட்டினால் சத்தம் வரும். டும். டக். டும் டும். டக்.

மோசமாகத்தான் இருந்தது. பயத்தில் வேகம் ஏறிக்கொண்டே போயிற்று. சக்கரம் கட்டியவர்களும் வேலியை விட்டு அதற்கு ஏற்ப வேகம் எடுத்தார்கள். வளைவில் இரண்டு பேர் சறுக்கி உட்கார்ந்தார்கள், சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். அதற்குள் மச்சான் தன் பெட்டியை 'உள்'ளுக்கு மாற்றி அமுக்கிவிட்டான். பாட்டு நிதானமாக வந்தது. அவர் அதைவிட ஒரு முழம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். காதைக் கொடுத்தார். விரலைத் தாமதித்தார். இன்னும் கொஞ்சம். ஒரு இடத்தில் டும்மும் சுரமும் ஒன்றாக விழுந்தன. அப்புறம் அவர் தலையைத் தூக்கவே இல்லை. பிந்தினார், பிடித்தார், முந்தினார், அடங்கினார். கையை நம்பாத மனிதரின் கை மாலை முழுக்க வேலை செய்தது. பதினாறு பொத்தான்களும் சும்மா இருந்தன.

முடிந்ததும் மேலாளர் வந்தார். "ஆரம்பத்துல ரெண்டு பேரும் என்னமோ நாடகம் போட்டீங்களே, அது வேணாம். மத்தது நல்லா இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் வந்துருங்க." போனை எடுத்தார். "உங்க நம்பர் எங்கிட்ட இருக்கு சார். ஆனா அது கார் விஷயத்துக்கு. இதுக்கு யாரு பொறுப்பு? யார்கிட்ட பேசணும்?"

பிரேக் சார் மச்சானைக் காட்டினார். அதே நேரத்தில் மச்சான் அவரைக் காட்டினான்.

"சொல்லுடா, நீதானே வாசிச்சே."

"தாளம் நீங்கதானே மாமா."

மேலாளர் இரண்டு விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இஸ்திரிப் பலகையை மடக்கிக்கொண்டிருந்த பெண்மணியிடம் போய், "உங்க நம்பர் சொல்லுங்கம்மா" என்றார்.